ஓணான்கரட்டின் மூன்றாம் வளைவு

கடப்பாரையை ஊன்றிக்கொண்டு மலைப்பக்கமாக முதுகை ஒட்டி நிற்கிறேன். எனக்கு எதிரே மூன்றடி தூரத்தில் பாதை முடிந்துபோகிறது. அதற்கு அப்புறம் வெறும் காற்று. ஆடிக் காற்று சரிவின் அடியிலிருந்து ஏறிவந்து, இடுப்பில் இறுக்கிக் கட்டியிருக்கும் துப்பட்டாவை அவிழ்க்கப் பார்க்கிறது. மூன்றடிதான். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே மேசைக்கும் சுவருக்கும் நடுவில் இவ்வளவு இடம்தான் இருக்கும், இருபத்திரண்டு வருஷமாக அதற்குள் நுழைந்து நுழைந்து போய்வருகிறேன், ஒருநாளாவது இது மூன்றடி என்று நினைத்திருப்பேனா. இங்கே மட்டும் கால் ஒவ்வொரு அங்குலத்தையும் தனித்தனியாகச் சொல்லிக் காட்டுகிறது. வலது கால். கணுக்காலுக்குள் ஒரு தகடும் ஏழு திருகாணிகளும் இருக்கின்றன. படத்தை நானே வெளிச்சப் பெட்டியில் மாட்டிப் பார்த்தேன். வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல "நல்லா உக்காந்திருக்குங்க டாக்டர்" என்றுகூடச் சொன்னேன். உட்கார்ந்திருப்பது நிஜம்தான். எலும்பு கூடிவிட்டது, நடக்கிறேன், படி ஏறுகிறேன், பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறேன். ஆனால் இந்த வளைவுக்கு வந்ததும் ஏழு திருகாணியும் ஒரே சமயத்தில் சில்லிட்டுப்போகின்றன. திருகாணிக்கு எப்படி நினைவிருக்கும், அவை உள்ளே போனதே விழுந்ததற்கு அப்புறம்தானே. இருந்தாலும் சில்லிடுகின்றன. போன ஐப்பசியில் இந்த மூன்றாம் வளைவில்தான் விழுந்தேன். இதோ, எதிரே அந்த ஓரம் அன்றைக்குப் பெயர்ந்த மாதிரியே, பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறது. அங்கே வைக்கவேண்டிய கல்லைத்தான் இந்திராணியும் நாச்சிமுத்து அண்ணனும் கீழேயிருந்து கொண்டுவரப் போயிருக்கிறார்கள். அதை வைக்கவேண்டியது நான்.

காலையில் ஆறு மணிக்குப் பூங்கா கேட்டிலேயே இந்திராணி சொல்லிவிட்டாள். "இன்னைக்கு மூணாம் வளைவுங்க்கா. ஓரத்துக் கல்லு நீங்கதான் வெக்கறீங்க." சொன்னவள் பதிலுக்கு நிற்கவில்லை. பாண்டுச் சட்டியைக் கவிழ்த்துத் தொப்பி மாதிரி தலையில் போட்டுக்கொண்டு மேலே ஏறிவிட்டாள். நான் மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பின்னால் பைக்கில் மயில்சாமி இன்னும் நின்றுகொண்டிருந்தார். என் வீட்டுக்காரர். "உளுந்த எடத்துக்கே திரும்பப் போயி மண்ணு சுமக்கற ஆள நான் இப்பத்தான் பாக்கறேன்" என்று வாராவாரம் சொல்லிக்கொண்டே, வாராவாரம் அவரேதான் கொண்டுவந்து இறக்கியும் விடுகிறார். அவர் முன்னால் மாட்டேன் என்று சொல்ல முடியாமல் வாயை மூடிக்கொண்டேன். அந்த மாட்டேன் இன்னும் தொண்டையில்தான் இருக்கிறது. ஒன்றரை மணி நேரமாக அதை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. இவர்கள் கீழே போய் இருபது நிமிஷம் ஆகியிருக்கும். சரியான கல் கிடைக்கவில்லையோ என்னவோ. கிடைக்காமல் இருக்கட்டும். சே, என்ன நினைப்பு இது. கிடைக்கட்டும். கிடைத்து, கொண்டுவரும்போது ஒன்பதரை ஆகி, சரி அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆகட்டும்.

ஓணான்கரடு எங்கள் ஊரின் மேற்குக் கடைசியில் இருக்கிறது. அதை மலை என்றால் மலைகள் சிரிக்கும், மேடு என்றால் கரடு கோபித்துக்கொள்ளும். அடிவாரத்தில் ஊஞ்சலும் புல்தரையுமாக ஊர்ப் பூங்கா. அதன் பின்பக்கத்துக் கம்பிக் கதவைத் தாண்டினால் உச்சிப் பாறைவரை இரண்டு கிலோமீட்டர் நடைபாதை, ஏழு வளைவு. எப்போதோ ஆடுகள் போட்ட தடம். மழை பெய்தால் தண்ணீருக்கும் அதே தடம்தான் வசதி. மனிதர்கள் ஏற ஏற, தண்ணீர் இறங்க இறங்க, நடுப்பாதை முழங்கால் ஆழத்துக்கு வாய்க்காலாகி, ஓரம் ஓரமாகச் சரிந்து, ஒரு கட்டத்தில் ஆடுகளே வேறு வழி பார்த்துப் போய்விட்டன. அதைச் சரிசெய்ய யாரும் யாரையும் அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். ஒரு பல் டாக்டர் இருக்கிறார், பேக்கரி வைத்திருக்கும் அண்ணன் தம்பி இரண்டு பேர், ரிட்டயர்டு பஸ் கண்டக்டர் நாச்சிமுத்து அண்ணன், இன்னும் நான்கைந்து பேர். மற்றவர்கள் இப்போது ஐந்தாம் வளைவில் மண் வெட்டுகிறார்கள், மண்வெட்டி பாறையில் இடிக்கும் சத்தம் இங்கே கேட்கிறது. ஆறு வருஷமாக வருகிறார்களாம். பெயர்ப்பலகை இல்லை, ஒரே நிறச் சட்டை இல்லை. பாறையைச் சுற்றிப் பாதையைத் திருப்புகிறார்கள், படி வைக்கிறார்கள், குறுக்கே சாய்வாகக் கல் பதித்துத் தண்ணீரைப் பாதையிலிருந்து வெளியே தள்ளிவிடுகிறார்கள், ஒன்பதரை மணிக்குக் கருவிகளைக் கழுவிக் காவலாளி அறையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். அடுத்த மழை இவர்கள் செய்ததில் கால்பங்கைக் கொண்டுபோய்விடும். அடுத்த ஞாயிறு திரும்ப வருகிறார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளி குணமாகிப் போனால் அடுத்தவர் வருவார், அதுவே எனக்குச் சில நாள் அலுப்பாக இருக்கும். இவர்களுக்கு நோயாளி ஒருவரேதான். குணமாவதே இல்லை. அலுக்கவும் இல்லை.

அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைதான். ராத்திரி பெய்த மழை விடியும்போது விட்டிருந்தது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் பயமுறுத்தியதிலிருந்து மூன்று வருஷமாக நடக்கிற பாதை, கண்ணைக் கட்டிவிட்டால்கூட நடப்பேன் என்று நினைத்திருந்த பாதை. நடுவில் சேறாக இருந்தது, ஓரமாகப் போனேன். ஓரத்தில் ஒரு கல், புதிதாக வைத்தது, பார்க்க எவ்வளவு அழகாக இருந்தது, தட்டையாக, மழையில் கழுவிவிட்ட மாதிரி. வா, வை என்றது. வைத்தேன். அது ஒரு சத்தமும் போடவில்லை. அதுதான் இன்னும் எனக்கு ஆறவில்லை. கல் பெயர்ந்தால் கடகடவென்று கேட்கும், ஒரு விநாடியாவது முன்னால் தெரியும் என்றுதானே நினைத்திருப்போம். உட்காரப்போகும்போது யாரோ நாற்காலியை இழுத்துக்கொள்கிற மாதிரி, இருந்தது, இல்லை. அவ்வளவுதான். வானம், புல், வானம், ஒரு உசிலமரத்தின் வேர். எட்டடி கீழே கிடந்தேன். என் வலது பாதம் எனக்குச் சம்பந்தமில்லாத திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. தினமும் முப்பது நாற்பது காலைப் பார்க்கிறவள், படம் எடுக்காமலே தெரிந்துவிட்டது, மூன்று இடம், தகடு வைக்காமல் ஆகாது. வலி அதற்குப் பிறகுதான் வந்தது. வலி வந்ததும் வாய் திறந்தது. அம்மா என்று வந்திருக்கலாம். காப்பாற்றுங்கள் என்று வந்திருக்கலாம். நாற்பத்தாறு வயசில், இருபத்திரண்டு வருஷம் மற்றவர்களின் அலறலைக் கேட்டுக் கேட்டு, கத்தாதீங்கம்மா, அசையாதீங்கம்மா என்று சொல்லிப் பழகிய வாயிலிருந்து என்ன வந்தது. "எவன்டா இந்தப் பாதையைப் போட்டவன்!" ஒருமுறை இல்லை. நாலைந்து முறை. கரடு முழுக்க எதிரொலித்தது. எவன்டா. போட்டவன். போட்டவர்கள் இரண்டு வளைவுக்கு மேலே வேலையில் இருந்தார்கள். அதைக் கேட்டுத்தான் ஓடிவந்தார்கள்.

ஓடிவந்து ஓரத்தில் நின்று எட்டிப்பார்த்த தலைகளை எண்ணுவதற்குள் ஒருத்தி மட்டும் நிற்காமல், சரிவில் அப்படியே உட்கார்ந்து, மண்ணும் முள்ளுமாகச் சறுக்கிக்கொண்டு என் காலடிக்கு வந்துவிட்டாள். வந்ததும் என் குதிகாலை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டாள். உப்புத்தாள் மாதிரி கை. ஆனால் அந்தப் பிடி, அதை நான் எத்தனையோ பேரிடம் எதிர்பார்த்து ஏமாந்திருக்கிறேன், படித்தவர்கள், பயிற்சி எடுத்தவர்கள், இறுக்காமலும் விடாமலும் அப்படி ஒரு பிடி. "நான் புடிச்சுக்கறனுங்க. நீங்க கத்தோணும்னா கத்துங்க, பரவால்ல" என்றாள். மற்றவர்கள் இரண்டு சவுக்குக் கழிகளைக் கொண்டுவந்து, சிமெண்ட் சாக்குகளின் அடியைக் கிழித்துக் கோர்த்து என்னைக் கிடத்தினார்கள். மேலே தூக்கி, மூன்று வளைவும் இறக்கி, பூங்காவைத் தாண்டி ஆட்டோவரை ஐம்பது நிமிஷம். நாச்சிமுத்து அண்ணன் முன்னால் போய்க்கொண்டே, குழி வந்தால் "ஹோல்டேன்... ஹோல்டேன்", தாண்டியதும் "போலாம் ரைட்" என்றார், பஸ்ஸில் சொன்ன பழக்கம். அந்த ஐம்பது நிமிஷமும் அவள் கழிகளுக்குப் பக்கத்தில் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்தே வந்தாள், என் குதிகாலைக் கையிலிருந்து இறக்கவேயில்லை. அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் டாக்டர் கேட்டார். "யாருங்க வாணி இந்தக் கால இப்படி அலுங்காம கொண்டாந்தது? கொஞ்சம் ஆடியிருந்தா ரத்த ஓட்டமே நின்னிருக்கும்." கோகிலவாணி என்ற என் பெயரைக் கேட்டுக்கொண்டவள், தன் பெயரைச் சொல்லாமலே போய்விட்டிருந்தாள். சித்தாள் வேலைக்குப் போகிற பெண் என்று மட்டும் ஆட்டோக்காரர் சொன்னார்.

நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கையில் அரைக்கிலோ ஜிலேபியோடு, ஊன்றுகோலை விட்ட மூன்றாவது வாரம் இங்கே வந்தேன். இந்திராணி ஜிலேபியை வாங்கி எல்லாருக்கும் கொடுத்தாள், கையைக் கழுவினாள், என் கையில் ஒரு சின்னச் சுத்தியலைக் கொடுத்து, "உக்காந்துட்டே செய்யலாமுங்க" என்று உடைக்கவேண்டிய கற்களைக் காட்டினாள். ஏன் மறுக்கவில்லை என்று எனக்கே தெரியவில்லை. உடைத்தேன். நாலு மாதமாக உடைக்கிறேன், சலிக்கிறேன், தண்ணீர் தூக்குகிறேன், எல்லாம் முதல் வளைவிலும் இரண்டாம் வளைவிலும், மலைப்பக்கமாக. இவர்கள் மேலே போனால் நான் ஏதாவது சாக்குச் சொல்லிக் கீழேயே இருந்துகொள்வேன். யாரும் கேட்டதில்லை. எக்ஸ்ரே அக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். இந்திராணியைப் பார்த்துக்கொண்டிருப்பதே பாதி வேலை எனக்கு. ஒரு கல்லைத் தூக்குவதற்கு முன்னால் அதை ஒரு சுற்று சுற்றி வருவாள். சம்மட்டிக் காம்பால் தட்டிக் காதைக் கொடுப்பாள். நான் படத்தை வெளிச்சத்தில் பிடித்து எலும்பில் மயிரளவு கீறலைத் தேடுவேனே, அந்த முகம். பாதையில் எங்கே கல் வைப்பது என்று சந்தேகம் வந்தால் குடிக்கிற பாட்டிலைத் திறந்து தண்ணீரைத் தரையில் விடுவாள், அது ஓடுகிற பக்கம் கூடவே குனிந்து நடப்பாள், "தண்ணிகிட்டக் கேட்டா அதே சொல்லிருமுங்க." திங்கள் முதல் சனிவரை மூன்று மாடி, நான்கு மாடி என்று கட்டுகிற வீடுகளில் ஜல்லியும் செங்கல்லும் சுமக்கிறவள். ஏழாவது நாளும் வந்து கல் சுமக்கிறாளே, ஒருநாளாவது படுத்துத் தூங்கலாமே என்று சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்கும்போது கேட்டேவிட்டேன். வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "பதினெட்டு வருசத்துல எத்தன வூட்டுக்குக் கல்லு சொமந்திருப்பனுங்க. வூடு குடிபோன மறுநா அந்தப் பக்கம் போனா, யாரும்மா நீ, என்ன வேணும்பாங்க. இங்க நான் வெச்ச படிமேல நானே நடந்துக்கலாம், யாரும் கேக்க மாட்டாங்க." அதை அவள் வருத்தமாகச் சொல்லவில்லை. சௌகரியமான ஒரு குறுக்குவழியைக் காட்டிக்கொடுக்கிற மாதிரிச் சொன்னாள். நான்தான் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு மூட மறந்து நின்றேன்.

இதிலெல்லாம் ஒன்றை மட்டும் சொல்லாமல் தாண்டித் தாண்டிப் போகிறேன் பார், மனசு எவ்வளவு கெட்டிக்காரத்தனம் செய்கிறது. நான் ஜிலேபியோடு வந்த முதல் நாளே நாச்சிமுத்து அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "அம்மிணி, அன்னிக்குப் பேந்த அந்தக் கல்லு இந்திராணி வெச்சதுங்க. அதுக்கப்புறம் அந்தப் புள்ள ஒரு மாசம் மொகங்குடுத்துப் பேசல. நீங்க தெரிஞ்சமாரி காட்டிக்காதீங்க." காட்டிக்கொள்ளவில்லை. நாலு மாதமாகக் காட்டிக்கொள்ளவில்லை. அது பெருந்தன்மையா. ஆரம்பத்தில் இல்லை, சத்தியமாக இல்லை. படம் என் கையில் இருக்கிறது, நோயாளி எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்க்கிறார், உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது, அந்த ஒரு நிமிஷத்தில் ஒரு அற்ப ருசி இருக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை. அந்த ருசிதான் முதல் இரண்டு வாரம் என்னைத் திரும்ப வரவைத்ததோ என்றுகூட நினைத்திருக்கிறேன். இவள் கை வைக்கிற ஒவ்வொரு கல்லையும் ஆடுகிறதா, ஆடுகிறதா என்று பார்த்தேன். ஒன்றும் ஆடவில்லை. மூன்றாவது வாரம் பார்த்தேன், எல்லாரும் போனபிறகும் அவள் மட்டும் இருந்து, அன்றைக்கு மற்றவர்கள் வைத்த கற்கள்மேலும் ஒவ்வொன்றாக ஏறி நின்று, ஒற்றைக் காலில் நின்று, இடுப்பை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு பயம். அந்தப் பயத்தை எனக்குத் தெரியும். அது என் கணுக்காலில் இருப்பது. இரண்டாக உடைத்து ஆளுக்குப் பாதியாக வைத்திருக்கிறோம். அன்றைக்கு ருசி போய்விட்டது. ஆனால் சொல்லத்தான் முடியவில்லை, நீ வைத்ததுதான் என்று எனக்குத் தெரியும் என்று எந்த வாயால் சொல்வது, எவன்டா என்று கத்திய அதே வாயாலா.

"ஹோல்டேன்! ஹோல்டேன்!" வருகிறார்கள். கயிற்றில் கட்டி, கழி கோர்த்து, முன்னால் நாச்சிமுத்து அண்ணன், பின்னால் இந்திராணி. இரண்டடி நீளம், அடி உயரம், மேல்பக்கம் தட்டை, கறுப்பு. இறக்கி வைத்ததும் அறுபத்து மூன்று வயசு மனுஷர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "பஸ் ஸ்டாண்டு வந்தாச்சு, எல்லாரும் எறங்குங்க" என்று சொல்லி மூச்சு வாங்குகிறார். எனக்குச் சிரிப்பு வருகிறது, வயிற்றுக்குள் பயத்துக்கு மேலேயே சிரிப்பு வருகிறது, இரண்டும் ஒரே இடத்தில் எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. "நான் அஞ்சாம் வளைவுக்குப் போறனுங்க, நீங்க ரெண்டு பேரும் பாத்துக்கங்க" என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு அவர் ஏறிப்போகிறார். பேசிவைத்துக்கொண்டார்களோ. இந்திராணி ஓரத்தில் குழியைச் சுரண்டி ஆழப்படுத்துகிறாள். அவள் முதுகுக்கு அப்புறம் ஒன்றும் இல்லை, காற்று, தூரத்தில் ஊரின் மாடிகள், அதில் எத்தனை மாடிக்கு இவள் கல் ஏற்றினாளோ. "வாங்க்கா" என்கிறாள் திரும்பாமலே. மூன்றடி. கடப்பாரையை முன்னால் ஊன்றுகிறேன், ஒன்று. இடதுகால், இரண்டு. வலதுகால் வரமாட்டேன் என்கிறது. சேற்றில் புதைந்த மாதிரி, இழுக்கிறேன், இது என் கால்தான், நான் சொன்னால் வரவேண்டும். வரவில்லை. நிற்கிறேன். அவளும் சுரண்டுவதை நிறுத்திவிட்டாள். முழங்காலில் உட்கார்ந்தபடியே, என்னைப் பார்க்காமல், குழியைப் பார்த்துப் பேசுகிறாள்.

"அன்னிக்குப் பேந்த கல்லு நான் வெச்சதுங்க்கா."

காற்று அவள் சொன்னதை எடுத்துக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்த மாதிரி இருக்கிறது.

"வெச்சு முடிக்கறப்பவே தூறல் ஆரம்பிச்சிருச்சு. பின்னாடி பொடிக்கல்லு அடிச்சு எறக்கோணும். எல்லாரும் எறங்கிட்டாங்க. சரி, அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு நானும் எறங்கிட்டனுங்க. அடுத்த வாரம் மேல வேலய முடிச்சுட்டு எறங்கறப்ப அடிச்சுக்கலாம்னு ஏறிட்டனுங்க. அதுக்கு முன்னாடி நீங்க வந்துட்டீங்க."

"தெரியுங்க, இந்திராணி."

இப்போதுதான் திரும்புகிறாள். கண்ணெல்லாம் மண் தூசி. "எப்ப இருந்துங்க்கா?"

"பங்குனியில இருந்தே தெரியும்."

"தெரிஞ்சுமா வந்தீங்க?"

ஐம்பது நிமிஷம் என் குதிகால் உங்கள் கையில் இருந்தது என்று சொல்லலாம். முதலில் வேறு ஒரு கேவலமான காரணத்துக்காக வந்தேன், பிறகு அது மாறிவிட்டது என்று சொல்லலாம். மன்னித்துவிட்டேன் என்று சொன்னால் நான் ஏதோ மேட்டில் நிற்கிற மாதிரி ஆகிவிடும், உண்மையில் நான் மலையோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறேன், மேட்டில் நிற்கிறவள் அவள்தான், விளிம்பில். "நான் அன்னிக்குக் கத்துனது..." என்று ஆரம்பிக்கிறேன். அவள் தலையை ஆட்டுகிறாள். "நீங்க கேட்டது சரிதானுங்களே. எறங்கி வரவரைக்கும் நானும் அதையேதான் கேட்டுட்டு வந்தேன், எவ போட்டா, எவ போட்டான்னு." சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொள்கிறாள். ஒன்பது மாதமாக நான் மட்டும் சுமக்கிறேன் என்று நினைத்திருந்த வாக்கியம், எனக்கு முன்னாலேயே அவள் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. என்ன சொல்வது என்று யோசிக்கவில்லை, வாய் அதுவாகச் சொல்கிறது. "கல்ல ரெண்டு பேரும் எறக்குவோம். பின்னாடி பொடிக்கல்லு நான் அடிக்கறேன். போதும்னு நீங்க சொல்லக்கூடாது. நான்தான் சொல்லுவேன்." "ஆகட்டுங்க்கா" என்று அவள் கடப்பாரையை என் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறாள்.

வலதுகால் எப்போது வந்தது என்று கவனிக்கவில்லை. நான் ஓரத்தில் மண்டியிட்டிருக்கிறேன். கடப்பாரையைக் கல்லுக்கடியில் கொடுத்து அவள் நெம்ப, நான் கையால் திருப்ப, கல் ஒரு கிழட்டு எருமை மாதிரி யோசித்து யோசித்துக் குழிக்குள் இறங்குகிறது. முகம் வெளியே, முதுகு மலையைப் பார்த்து, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள். பள்ளத்தை நான் பார்த்துவிட்டேன். எட்டடிதான். உசிலமரம் அங்கேயேதான் இருக்கிறது, துளிர்விட்டிருக்கிறது, அதற்கு என்னைத் தெரியவில்லை. கல்லுக்கும் மலைக்கும் நடுவில் உள்ள சந்தில் பொடிக்கல்லைப் போட்டுக் கடப்பாரையின் கொண்டையால் அடிக்கிறேன். நாலு மாதமாக நான் உடைத்த கற்கள். ஒவ்வொரு அடிக்கும் சத்தம் மாறுகிறது, முதலில் சரசர, பிறகு கொடகொட, பிறகு ணங். இன்னும் போடுங்க. தண்ணீர் ஊற்றுகிறாள், மண் இறங்குகிறது, இன்னும் போடுங்க. அவள் பாண்டு பாண்டாகக் கொண்டுவந்து கொட்டுகிறாள், போதும் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. முறிந்த எலும்பு கூடுவதும் இப்படித்தான், படத்தில் பார்த்திருக்கிறேன், முதல் மாதம் பஞ்சு மாதிரி, இரண்டாம் மாதம் மேகம் மாதிரி, பிறகு ஒருநாள் வெள்ளையாக, இதுதான் அது என்று சொல்லமுடியாதபடி ஒன்றாகிவிடும். என் உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து எரிகிறது. வெயில் கழுத்துக்கு வந்துவிட்டது. எவன்டா, ணங், போட்டவன், ணங், எவ போட்டா, ணங். கொஞ்ச நேரத்தில் ணங் மட்டும் இருக்கிறது. வார்த்தை எங்கே போனது என்று தேடினால் அகப்படவில்லை. "போதும்" என்கிறேன். என் குரல் எனக்கே புதிதாக இருக்கிறது.

வைத்தவர்தான் முதலில் ஏறவேண்டும், அது இங்கே வழக்கம். இந்திராணி கையை நீட்டவில்லை. நீட்டாததற்காகவே அவளைப் பிடிக்கிறது. ஆனால் ஒரு காலைக் கீழ்ச்சரிவில் இறக்கி ஊன்றி, நான் விழுந்தால் எங்கே விழுவேனோ அந்த இடத்தில் போய் நின்றுகொண்டாள், சும்மா செடி கொடி பார்க்கிறவள் மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. இடதுகாலை வைத்தேன். வலதுகாலை வைத்தேன். இரண்டு காலும் கல்மேல். ஏழு திருகாணியும் காது கொடுத்துக் கேட்கின்றன. அது போன தடவையும் சத்தம் போடவில்லையே என்று ஒரு நினைப்பு வந்து என் வியர்வையையெல்லாம் குளிராக்கியது. காற்று ஒன்று வந்து தள்ளிப் பார்த்தது. குதித்தேன். நாற்பத்தாறு வயசில், ஊர் முழுக்கப் பார்க்கத் தெரிகிற உயரத்தில், சட்டிபானை உருள்கிற மாதிரி ஒருமுறை, இன்னொருமுறை, இடுப்பை ஆட்டி, ஒற்றைக் காலில், அந்தக் காலில். கல் அசையவில்லை. கல் வேறு கரடு வேறு என்று இல்லாமல் நின்றது. கீழே நின்றவள் அப்போதுதான் மூச்சு விட்டாள், அது எனக்குக் கேட்டது. அவளை மேலே வரச் சொன்னேன். தயங்கினாள். "வாங்க இந்திராணி, எடம் இருக்குது" என்றேன். வந்தாள். ஒரு கல்மேல் இரண்டு பேரும் தோளும் தோளும் இடிக்க நின்றோம். அவள் கை என் முழங்கைக்குக் கீழே, தொட்டும் தொடாமலும் இருந்தது.

கீழ் வளைவில் பேச்சுச் சத்தம் கேட்டது. இறங்கி மலைப்பக்கமாக ஒதுங்கிக்கொண்டோம். நடக்க வருகிற ஒரு தம்பதி. எனக்குத் தெரியாதவர்கள். அந்தம்மா நடுப்பாதையை எடுத்துக்கொண்டதால் அவர் ஓரமாக வந்தார், வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, கனத்த உடம்பு. "மண்டபத்துல ஏசி வேல செய்யுதான்னு கேட்டீங்களா, இல்லியா?" என்று அந்தம்மா கேட்டுக்கொண்டிருந்தார். "கேட்டேங்கறேன்ல" என்றார் அவர். "கேட்டதுக்கு என்ன சொன்னாங்க?" இந்திராணியின் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தன. ஈரமண்ணை மிதித்துவந்த வெள்ளை ஷூ கல்லின் நடுவில் இறங்கியது. முழுப் பாரமும் அதன்மேல். "அத அப்பறம் சொல்றேன்னாங்க" என்றபடி மற்ற காலைத் தூக்கி அடுத்த பக்கம் வைத்தார். அந்தம்மா, "நல்லா கேட்டீங்க போங்க, அத்தன சனமும் வெந்து சாவட்டும்" என்றார். பேசிக்கொண்டே நாலாம் வளைவில் திரும்பி மறைந்தார்கள். கல்லின்மேல் அவருடைய ஷூ விட்டுப்போன ஈரத்தடம், வரி வரியாக, முழுசாக இருந்தது. ஆடிக் காற்றில் அது குதிகால் பக்கத்திலிருந்து மெல்லக் காய்ந்துகொண்டு வந்தது. முழுதும் காய்கிறவரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.